பனிமட்டத்து டஜன்

பனிமட்டம் என்ற தேயிலை மலையூரில் டஜன் என்றால் பதின்மூன்று என்று ஆனது, ஒரு தை மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலை ஏழே காலுக்கு, ஞானசிகாமணி அண்ணாச்சியின் ரொட்டிக்கடை அடுப்பிலிருந்து இரண்டாவது தட்டு வெளியே வந்தபோது. அந்தத் தட்டு, அண்ணாச்சி நாசரேத்திலிருந்து மலையேறி வந்த வருஷம் தகரக்காரரிடம் சொல்லிச் செய்தது. நாலு வரிசை, வரிசைக்கு மூன்று குழி. பன்னிரண்டு குழியிலும் பன்னிரண்டு மாவு உருண்டைகளைத் தன் கையாலேயே வைத்து, "ஒரு டஜன் போகுது அண்ணாச்சி" என்று தினமும் போலக் குரல் கொடுத்துத்தான் பஞ்சவர்ணம் தட்டை உள்ளே தள்ளினாள். வெளியே வந்தபோது குழியை எண்ணினால் பன்னிரண்டு இருந்தது, பன்னை எண்ணினால் பதின்மூன்று இருந்தது, எந்தப் பன்னும் எந்தப் பன்னையும் நெருக்காமல் ஒவ்வொன்றும் அதனதன் குழியில் தலை சிவந்து உட்கார்ந்திருந்தது.

அவள் மூன்று முறை எண்ணினாள். பிறகு அண்ணாச்சியைக் கூப்பிட்டாள். அவர் ஒரே ஒரு முறை எண்ணினார். அறுபத்தெட்டு வயது மனிதர், நாற்பது வருஷமாக எண்ணிக்கொண்டே இருப்பவர், அவருக்கு ஒரு முறை போதும். மைதா மூட்டை மேல் மெல்ல உட்கார்ந்து, கையிலிருந்த மாவைக் கைலியில் துடைத்துக்கொண்டார்.

"திருப்பி எண்ணாத. துணியப் போட்டு மூடி வை" என்றார்.

"ஒண்ணு கூட இருக்கு அண்ணாச்சி. நான் தப்பா வைக்கல."

"நீ தப்பா வைக்கலம்மா" என்றார் அவர்.

வெள்ளிக்கிழமைக்குள் பஜார் முழுக்கத் தெரிந்துவிட்டது, இது ரொட்டிக்கடையின் சங்கதி இல்லை, சொல்லின் சங்கதி என்று. பன்னிரண்டு முட்டை கொடுங்கள் என்று கேட்டவர் பன்னிரண்டு முட்டையோடு வீட்டுக்குப் போனார், ஒரு டஜன் முட்டை என்று கேட்டவர் பதின்மூன்றோடு போனார், இரண்டு டஜன் கேட்டவருக்கு இருபத்தாறு இருந்தது, அரை டஜன் கேட்டவருக்கு ஆறுதான், அரை டஜனுக்கு அந்த அதிகாரம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வளையல்காரி ஒரு கல்யாணப்பெண்ணின் கையைப் பிடித்து அமுக்கி ஒரு டஜன் கண்ணாடி வளையல் ஏற்றிவிட்டு நிமிர்ந்தால் பதின்மூன்று வளையல் குலுங்கியது. அந்தப் பெண்ணின் மாமியார் ஒன்றைக் கழற்றச் சொன்னாள், கழற்றிய பிறகும் டஜன் என்று சொன்னபோது பதின்மூன்றே இருந்தது, சரி இருந்துவிட்டுப் போகட்டும் என்று தாலி கட்டினார்கள்.

முதல் வாரம் ஊர் பயந்தது. மாரியம்மன் கோவில் பூசாரி மஞ்சள் நீர் தெளித்தார், போதகர் அடுப்பின் முன்னால் நின்று ஜெபம் பண்ணினார், அடுப்பு இருவருக்கும் பதின்மூன்று பன் கொடுத்தது. இரண்டாவது வாரம் ஊர் சண்டை போட்டது, கூடுதல் ஒன்று விற்றவனுக்கா வாங்கினவனுக்கா என்று. தொழிற்சங்கச் செயலாளர் ஒரு பிற்பகல் முழுவதும் இரு தரப்பையும் கேட்டு, யார் வாயிலிருந்து டஜன் என்ற சொல் வந்ததோ அவருக்கே சேரும் என்று தீர்ப்புச் சொன்னார். மூன்றாவது வாரம் ஊருக்குப் பழகிவிட்டது. ஜார்க்கண்டிலிருந்து எஸ்டேட் வேலைக்கு வந்து புது லைன் என்ற தொழிலாளர் வீடுகளில் இருந்தவர்கள் தமிழில் முதலில் கற்றுக்கொண்ட சொல் அதுவாக இருந்தது, அவர்களுடைய பிள்ளைகள் பென்சில் வாங்கப் போனாலும் பலூன் வாங்கப் போனாலும் நாலு பேர் காசைச் சேர்த்துக்கொண்டு டஜனாகவே வாங்கினார்கள்.

மாசி மாதம் எடையளவு ஆபீசர் ஜீப்பில் வந்தார். யாரோ மனு போட்டிருந்தார்கள். அவர் ரொட்டிக்கடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தன் எதிரிலேயே தட்டுக்கு ஒரு டஜனாக நாலு தட்டு வேகவைக்கச் சொல்லி, தானே எண்ணி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி எண்ணி, ஐம்பத்திரண்டு என்று எழுதினார்.

"இதுக்கு என்ன சட்டம் சார்?" என்று பஞ்சவர்ணம் கேட்டாள்.

"குறைஞ்சாத்தான் சட்டம் இருக்கு" என்றார் அவர். "கூடினா இல்லை." எண்ணிக்கையில் குறைவு ஏதும் காணப்படவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, வண்டியேறும்போது தயங்கி நின்று, வீட்டுக்கு ஒரு டஜன் வாங்கிக்கொண்டு போனார்.

உயர்நிலைப் பள்ளியில் இங்கிலீஷ் எடுக்கும் லூர்து சார்தான் அந்தச் சொல்லின் பூர்வீகத்தைச் சொன்னவர். நாலு மணி டீ குடிக்க ரொட்டிக்கடைக்கு வந்தவர், பெஞ்சில் இருந்தவர்கள் கேட்டதற்காகச் சொன்னார்.

"அது இங்கிலீஷ்காரன் சொல்லே இல்லை. லத்தீன்ல துவோதெசிம்னா ரெண்டும் பத்தும். அது பிரெஞ்சுக்காரன் வாயில போய்த் தேஞ்சு, அங்கேருந்து இங்கிலீஷ்காரன் வாய்க்கு வந்து, அவன் தேயிலை போட மலையேறினப்போ அவனோட ஏறி வந்திருச்சு. நம்ம பன்னிரண்டும் அதேதான். பத்தும் ரெண்டும்."

"அப்ப பதின்மூணு எங்கேருந்து வந்துச்சு சார்?" என்றான் லாரி டிரைவர் ஒருவன்.

"அதுவும் இருக்கு. அந்தக் காலத்துல அங்க ரொட்டிக்காரன் எடை குறைச்சு வித்தா தண்டனை பலமா இருக்குமாம். அந்தப் பயத்துல ஒரு டஜனுக்கு ஒண்ணு கூடப் போட்டுக் குடுப்பானாம். பதின்மூணுக்கு ரொட்டிக்காரன் டஜன்னே அங்க பேரு." அவர் கல்லாப் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி எதுக்குப் பயந்தாரோ தெரியலை."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஞானசிகாமணி சிரிக்கவில்லை. அவர் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார், டீ ஆறிச் சில்லிட்ட பிறகும் ஆற்றினார்.

பஞ்சவர்ணத்துக்கு இருபத்தைந்து வயது. ஏழு வருஷமாக அந்தக் கடையில் மாவு பிசைவதும், தட்டு அடுக்குவதும், கல்லாவில் நிற்பதும் அவள்தான். அண்ணாச்சி அவளை ஒரு நாளும் ஏசியதில்லை, ஒரு நாளும் நேராகப் பார்த்துப் பேசியதுமில்லை. அவளுக்கு நாலு வயசாக இருந்தபோது அவளைப் பெற்றவள், பிழைக்க வந்த இடத்தில் பிள்ளையை விட்டுவிட்டு, ஒருவரிடமும் சொல்லாமல் கீழ்நாட்டுக்கு பஸ் ஏறிப் போய்விட்டாள் என்பது பழைய லைன் முழுக்கத் தெரிந்த கதை. ராஜகிளி என்ற கொழுந்து பறிக்கிறவள்தான் அவளை எடுத்து வளர்த்தாள். பஞ்சவர்ணம் அவளைச் சித்தி என்று கூப்பிட்டாள். பெற்றவளின் பெயரை அவள் கேட்டதே இல்லை. பெயர் தெரிந்தால் என்றாவது ஒரு நாள் காய்ச்சலிலோ கனவிலோ கூப்பிட்டுவிடுவோம் என்று அவளுக்கு ஒரு பயம் இருந்தது, கூப்பிடுவதற்குப் பெற்றவள் தகுதியானவள் இல்லை என்று ஒரு வைராக்கியமும் இருந்தது.

கல்லாவில் நின்றதால் அவள் ஒன்றைக் கவனித்தாள். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் ஆன பழைய லைன்காரர்கள் ஒருவரும் டஜன் என்று சொல்வதில்லை. தைக்கு முன்னால் வாய் ஓயாமல் சொன்னவர்கள்தான். இப்போது பன்னிரண்டு என்கிறார்கள், பதினொன்று போதும் என்கிறார்கள், விரலைக் காட்டுகிறார்கள். கூடுதலாக ஒரு பன் சும்மா கிடைக்கிற ஊரில், பிள்ளைகுட்டிக்காரர்கள், அதை வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போகிறார்கள்.

"நீ ஏன் சித்தி அந்தச் சொல்லச் சொல்ல மாட்டேங்கிற?" என்று ஒரு நாள் ராஜகிளி சோறு போடும்போது கேட்டாள்.

"எனக்கு இங்கிலீசு வராது" என்றாள் ராஜகிளி.

"பொங்கல் வரைக்கும் வந்துச்சே."

ராஜகிளி ரசத்தை எடுக்க எழுந்து போனவள், ரசம் இல்லாமல் திரும்பி வந்தாள்.

ஆடி மாதம் பதினொன்றாம் தேதி பனிமட்டத்தில் துக்க நாள். இருபத்தொரு வருஷத்துக்கு முன்னால், ஏழாம் நம்பர் காட்டில் கொழுந்து பறித்துவிட்டு எஸ்டேட் டிராக்டரில் திரும்பிக்கொண்டிருந்த பெண்கள், பின்னால் மாட்டிய பெட்டி வளைவில் புரண்டு பள்ளத்தில் விழுந்து செத்துப்போனார்கள். அந்த வளைவுக்கு மேலே எஸ்டேட் ஒரு கல் நட்டு, பன்னிரண்டு பேரின் பெயரையும் செதுக்கி வைத்திருந்தது. கல்லுக்குப் பின்னால் பன்னிரண்டு குழிமேடுகள். ஒவ்வொரு வருஷமும் ஆபீஸிலிருந்து மாலை வரும், வீட்டுக்கு ஒருவர் மாலையை வாங்கித் தங்கள் குழிமேட்டில் போடுவார்கள், மேனேஜர் நாலு வார்த்தை பேசுவார். ராஜகிளியின் அக்கா பேச்சி அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்தி, அதனால் பஞ்சவர்ணமும் ஒவ்வொரு வருஷமும் சித்தியோடு போவாள்.

அந்த வருஷம் ஆனி கடைசியிலேயே பழைய லைன் பெரியவர்கள் ஐந்து பேர் ஆபீஸுக்குப் போய் பியூனைத் தனியாகப் பிடித்தார்கள். மாலை வாங்கும்போது பன்னிரண்டு என்று சொல்லி வாங்கு, அந்தச் சொல்லைச் சொல்லிவிடாதே என்றார்கள். பியூனும் பழைய ஆள், தலையாட்டினான், அப்படியே வாங்கினான். புது மேனேஜரிடம் போய்ச் சொல்ல ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. அவர் வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது, முப்பது வயது இருக்கும், சின்னத் தொரை என்று கூப்பிட்டால் கூச்சப்படுகிறவர்.

அன்று காலை பத்து மணிக்குச் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. மழைக்குத் தலையோடு பாலிதீன் கொங்காணி போட்ட எண்பது தொண்ணூறு பேர் கல்லைச் சுற்றி நின்றார்கள். அண்ணாச்சி வருஷா வருஷம் வருகிறவர், அன்றும் ஓரமாகக் குடையில்லாமல் நின்றார். மேனேஜர் காகிதத்தைப் பிரித்து, நனையாமல் உள்ளங்கையால் மூடிக்கொண்டு படித்தார்.

"நம் எஸ்டேட் தன் குடும்பத்தில் ஒரு டஜன் பேரை இழந்த நாள் இது."

அவ்வளவுதான் சொன்னார். பெரியவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பியூன் கூடையைத் திறந்து பேர் வாசித்து மாலைகளைக் கொடுக்க ஆரம்பித்தான், மாரிக்கண்ணு வீட்டார் வாங்கினார்கள், சிலுவைமுத்து வீட்டார் வாங்கினார்கள், கடைசியில் ராஜகிளி பேச்சிக்காக வாங்கினாள், பன்னிரண்டு வீடும் வாங்கி முடித்த பிறகு கூடையில் ஒரு செவ்வந்தி மாலை ஈரத்தோடு சுருண்டு கிடந்தது.

"அது யாருக்கு?" என்றார் மேனேஜர்.

பியூன் கூடையைக் கீழே வைத்துவிட்டுப் பின்வாங்கினான். பஞ்சவர்ணம் மாலையிலிருந்து கண்ணை எடுத்து நிமிர்ந்தபோது, தன்னைச் சுற்றி நின்ற பழைய லைன்காரர்கள் ஒருவர் விடாமல் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டாள். அவள் ஒரு பக்கமாகத் திரும்பினாள், அங்கேயும் பார்த்தார்கள். பார்த்தவர்கள் அவள் கண் பட்டதும் தரையைப் பார்த்தார்கள்.

"ஏன் எல்லாரும் என்னையப் பாக்குறீங்க?" என்றாள். "சித்தி, ஏன் பாக்குறாங்க?"

ராஜகிளி கையிலிருந்த மாலையோடு சேற்றில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவளக் கேக்காதம்மா" என்று அண்ணாச்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "நான் சொல்லுதேன். அன்னைக்கு எண்ணுனது நாந்தான்."

அவர் சொன்னார். வளைவுக்கு மிகப் பக்கத்துக் கட்டடம் அவருடைய ரொட்டிக்கடைதான், விழுந்தவர்களைத் தூக்கிவந்து கிடத்தியது அவர் கடை முற்றத்தில், போர்த்தியது அவருடைய மாவுச் சாக்குகளால். அப்போது மேனேஜராக இருந்த தொரை வந்து, யாராவது எண்ணுங்கள் என்றபோது எல்லாரும் அழுதுகொண்டிருந்தார்கள், எண்ணத் தெளிவாக இருந்தவர் அவர் ஒருவர்தான். பதின்மூணு தொரை என்றார். செக்ரோல் என்று சொல்லும் எஸ்டேட் பெயர்ப் பட்டியலில் அன்று டிராக்டரில் போனவர்கள் பன்னிரண்டு பேர் என்றே இருந்தது. பதின்மூன்றாவது பெண் நாலு மாதம் முன்னால் பிழைக்க வந்தவள், பதிவு செய்யாமல் வேலைக்கு வைத்திருந்தார்கள், பேர் ஏறாத ஆள் எஸ்டேட் வண்டியில் செத்தாள் என்று தெரிந்தால் விசாரணை வரும், எஸ்டேட்டை மூடிவிடுவார்கள், இத்தனை குடும்பமும் லைனைவிட்டு இறங்க வேண்டியதுதான் என்று தொரை முற்றத்தில் நின்றபடி எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்.

"அப்புறம் என்னையப் பாத்து, ஒரு டஜன்னு எழுதுய்யான்னாரு" என்றார் அண்ணாச்சி. "பன்னிரண்டுன்னு எழுதச் சொல்லியிருந்தா என் கை நின்னிருக்குமோ என்னவோம்மா. டஜன்னு சொன்னதும் ஆளை எண்ணுன மாதிரி இல்ல, சரக்கை எண்ணுன மாதிரி இருந்துச்சி. எனக்கும் லேசா இருந்துச்சி. எழுதிக் கையெழுத்துப் போட்டேன். போலீஸ்காரர் வந்து கேட்டப்பவும் அதையே சொன்னேன்."

"பதின்மூணாவது யாரு?"

"நீ எங்க கடைப் படியில உக்காந்து பன்னு தின்னுட்டிருந்த" என்றார் அவர். "உங்கம்மா, நான் வர்ற வரைக்கும் பாத்துக்கோங்க அண்ணாச்சின்னு காலையில விட்டுட்டுப் போச்சி."

பஞ்சவர்ணம் ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"எங்கம்மா பஸ் ஏறலையா?"

"இல்லம்மா."

"கீழ போகலையா?"

"போகல."

"அப்ப எங்க இருக்கா?"

ராஜகிளி முந்திக்கொண்டாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே, கடைசிக் குழிமேட்டைக் கையால் தட்டினாள். "எங்கக்காகூட இருக்கா. தனியாத் தோண்டினா எண்ணிப் பாப்பாங்கன்னு ஒண்ணா வச்சோம். ஒண்ணும் ஆகல தாயி, நல்லாத்தான் வச்சோம், எங்கக்கா சேலையிலதான் சுத்தி வச்சோம். உங்கிட்டச் செத்துட்டான்னு சொன்னா நீ ஊரெல்லாம் சொல்லிருவ, சின்னப் பிள்ள. அதான் போயிட்டான்னு சொன்னோம். அப்புறம் நீ பெருசானதுக்கு அப்புறம் எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"அவ பேரு என்ன?"

"இருளாயி."

பஞ்சவர்ணம் அந்தப் பெயரை வாய்க்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். பிறகு கூடையிலிருந்த மாலையை எடுத்து, நீரை உதறி, பேச்சியின் குழிமேட்டில் நீளவாக்கில் போட்டாள். யாரையும் பார்க்காமல் சரிவில் இறங்கிப் போனாள். மேனேஜர் கையில் காகிதம் கூழாகியிருந்தது, அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தலைமை ஆபீஸுக்கு எழுதுகிறேன் என்று பொதுவாக எல்லாரையும் பார்த்துச் சொன்னார், ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அவள் அன்று ராஜகிளி வீட்டுக்குப் போகவில்லை. பழைய மாட்டுக்கொட்டகையை ஒட்டி ஆளில்லாமல் கிடந்த வீட்டைக் கூட்டிப் பெருக்கிக் குடிபுகுந்தாள். ஜார்க்கண்டுக்காரப் பெண்கள் ஒரு பாயும் இரண்டு பாத்திரமும் கொடுத்தார்கள், எதற்கு என்று கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து பழைய லைன்காரர்கள் அங்கே வர ஆரம்பித்தார்கள். கூப்பிட்டு வரவில்லை, கூடிப் பேசி வைத்தும் வரவில்லை. வேலை முடிந்து வருகிற வழியில் ஒவ்வொருவராக வந்து, கூடையை இறக்காமல் வாசலுக்கு வெளியே நின்று, இருளாயியைப் பற்றித் தங்களுக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனார்கள். நாலு மாதம் மட்டுமே இருந்தவள், அதனால் ஆளுக்கு ஒன்றுக்கு மேல் இல்லை. இடது கையால்தான் கொழுந்து கிள்ளுவாள் என்றாள் ஒருத்தி. அட்டை கடித்தால் கத்துவாள், கத்திவிட்டுத் தானே சிரிப்பாள் என்றாள் இன்னொருத்தி. பரமக்குடிப் பக்கம் என்று சொன்னதாக ஞாபகம் என்றார் ஒருவர், இல்லை கமுதிப் பக்கம் என்று அடுத்த நாள் வந்தவர் சொன்னார். மேல்பல்லில் ஒன்று பாதி உடைந்திருக்கும். மீன் சாப்பிடமாட்டாள். தண்ணீர்க் குழாயில் ஒரு முறை என்னோடு சண்டை போட்டாள், குடத்தைத் தூக்கி அடிக்க வந்தாள் என்று சொன்ன கிழவர், அதைச் சொன்னதற்கு மன்னித்துக்கொள் என்றார். அதையும் சொல்லுங்க, முழுசாச் சொல்லுங்க என்று பஞ்சவர்ணம் அவரை உட்காரவைத்துக் கேட்டாள். பியூனின் மனைவி வந்து, திரும்பும்போது டிராக்டர் பெட்டிக்குள் இடமில்லை, நீ நடந்து வா என்று மேஸ்திரி சொன்னதாகவும், என் பிள்ளை படியில் காத்திருக்கு, நடந்து வந்தால் இருட்டிவிடும் என்று கெஞ்சி அவள் ஏறிக்கொண்டதாகவும் சொன்னாள். அன்று பஞ்சவர்ணம் அடுப்புப் பற்றவைக்கவில்லை.

டஜன் மாறவில்லை. பலரும் மாறும் என்று எதிர்பார்த்தார்கள். உண்மை வெளியே வந்த மறுநாள் காலை பஜாரில் நாலைந்து பேர் முட்டை வாங்கி எண்ணிப் பார்த்தார்கள், பதின்மூன்று இருந்தது, அடுத்த மாதமும் இருந்தது, இப்போதும் பனிமட்டத்தில் அப்படித்தான். பழைய லைன்காரர்கள் மட்டும் மெல்ல மெல்ல அந்தச் சொல்லை மறுபடி சொல்ல ஆரம்பித்தார்கள், சொல்லும்போது குரலைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டார்கள்.

ஆவணி பிறந்து நாலாம் நாள் அண்ணாச்சி வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கொட்டகை வீட்டு வாசலுக்கு வந்தார். "ஸ்டேஷனுக்குப் போறேன்மா" என்றார். "பொய்க் கையெழுத்துப் போட்டிருக்கேன். அதைச் சொல்லப் போறேன். நீ வரணும்னு இல்ல. சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"வர்றேன்" என்றாள் அவள்.

இருவரும் பஜார் வழியாக நடந்து போனார்கள். ஸ்டேஷனில் இருந்த ஏட்டம்மா அவர் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டாள். பழைய கேஸ் கட்டு எங்கே இருக்கிறதோ, இருக்கிறதோ இல்லையோ, அந்தத் தொரை செத்தே ஆறு வருஷம் ஆகிறது, இதைக் கிளறினால் முதலில் மாட்டுகிறவர் நீங்கள்தான் பெரியவரே என்றாள்.

"மாட்டட்டும். எண்ணுனது பதின்மூணு. அதை எழுதிக்கோங்க."

ஏட்டம்மா ஒரு தாளை எடுத்துத் தேதி போட்டு எழுதத் தொடங்கினாள். வளைவு, டிராக்டர், முற்றம், சாக்கு, தொரை சொன்னது, அவர் எழுதியது, எல்லாம் எழுதி முடித்து, இறந்தவர் என்ற இடத்தில் இருளாயி என்று எழுதி, பஞ்சவர்ணத்தின் பக்கம் திரும்பினாள்.

"நீ அவங்களுக்கு என்ன வேணும்?"

"மகள்."

"அம்மா இறந்தப்ப உனக்கு எத்தனை வயசு?"

அதுவரை ஒருவரும் அவளிடம் அந்தக் கேள்வியை அப்படிக் கேட்டதில்லை. அம்மா விட்டுட்டுப் போனப்ப என்றுதான் கேட்டிருக்கிறார்கள். அவள் நாலு என்று சொல்ல வாயெடுத்தவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள், ஸ்டேஷனில் இருந்த நாலு பேரும் எழுந்து நிற்கும்படி அழுதாள். இருபத்தொரு வருஷமாகத் தன்னை வேண்டாம் என்று போன ஒருத்தியை வெறுத்துச் சுமந்துகொண்டிருந்தவள், அப்படி ஒருத்தி உலகத்தில் இருந்ததே இல்லை என்று தெரிந்து அழுதாள். ஏட்டம்மா பேனாவை மூடி வைத்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"நாலு" என்றாள் கடைசியில். கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வந்தபோது அண்ணாச்சி படியில் நின்று, "என்னைய மன்னிச்சிருன்னு கேக்க எனக்கு வாயில்ல" என்றார்.

"கேக்காதீங்க அண்ணாச்சி" என்றாள் அவள். "நாளையிலேருந்து கடைக்கு வேற ஆள் பாத்துக்கோங்க."

"சரிம்மா" என்றார் அவர், அதைத்தான் எதிர்பார்த்திருந்தவர் போல. மழை கனத்துக்கொண்டிருந்தது. அவர் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு பஜாரை நோக்கி நடந்தார்.

ஸ்டேஷனுக்கு எதிரே பூவரச மரத்தடியில் ராஜகிளி நின்றுகொண்டிருந்தாள். யார் சொல்லி வந்தாளோ, எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ, முந்தானை தலையோடு ஒட்டிப்போயிருந்தது. பக்கத்தில் வரவும் பயம், போகவும் முடியவில்லை. பஞ்சவர்ணம் அவளைக் கடந்து பத்தடி நடந்தாள். நின்றாள். மழையில் அப்படியே கொஞ்ச நேரம் நின்றவள், திரும்பி வந்து, தன் கொங்காணியின் ஒரு பாதியை விரித்து அவள் தலைக்கு மேல் பிடித்தாள்.

"நட சித்தி" என்றாள். "போற வழியில எங்கம்மாவப் பத்திச் சொல்லு. நீ மட்டும்தான் இன்னும் வந்து சொல்லல."